படித்தவர் சொன்ன கருத்து: தமிழில் நூல் மதிப்புரையின் வரலாறு

ஒரு நூலைப் படித்து முடித்தவர், அது தமக்கு எப்படிப்பட்டதாக இருந்தது என்பதை இன்னொருவருக்கு மறைக்காமல் சொல்வதே மதிப்புரை. இதில் இரண்டு நிபந்தனைகள் உள்ளன. சொல்பவர் நூலை உண்மையாகவே படித்திருக்க வேண்டும். நூலாசிரியருக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற கணக்கு அவருடைய சொல்லில் நுழையக் கூடாது. கேட்பதற்கு எளியதாகத் தோன்றும் இந்த இரண்டும் தமிழில் கைகூட நெடுங்காலம் ஆயிற்று. இலக்கணமும் உரையும் தொன்மையாக விளங்கிய மொழியில், பொதுவான வாசகர் ஒருவர் தம் கருத்தை அச்சில் சொல்லும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது.

சொற்களை முதலில் பிரித்துக்கொள்வது நல்லது. நூலின் முன்பக்கங்களில் நண்பரோ பெரியவரோ எழுதுவது அணிந்துரை. நூல் வெளிவந்த பின் அதைப் பற்றிப் பிறர் எழுதுவது மதிப்புரை. ஓர் ஆசிரியரையோ ஒரு காலத்தையோ விரிவாக ஆராய்வது திறனாய்வு அல்லது விமரிசனம். அணிந்துரையை மேற்கோள் காட்டி, ‘அறிஞர்கள் இவ்வாறு மதிப்பிட்டுள்ளனர்’ என்று மாணவர்கள் கட்டுரைகளில் எழுதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கலியாண வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடமே விசாரிப்பது போன்றது அது.

அவையும் பாயிரமும்

பழங்காலத்தில் நூல் எழுதியவர் அதை அவையில் படித்துக் காட்ட வேண்டும். அதற்கு அரங்கேற்றம் என்று பெயர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியதாக அதன் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. அப்பாயிரத்தைச் செய்தவர் பனம்பாரனார். அவர் தொல்காப்பியரோடு ஒன்றாகக் கற்றவர் என்பது மரபு.

யார் யார் சிறப்புப் பாயிரம் தரலாம் என்பதற்கு 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் விதியே எழுதினார். நூல் செய்தவருடைய ஆசிரியர், அவரோடு கற்றவர், அவருடைய மாணாக்கர், அந்நூலுக்குத் தகுந்த உரை செய்தவர் ஆகிய நால்வர்தாம் அவர்கள். எவ்வளவு கற்றவனாயினும் தன் நூலைத் தானே புகழ்ந்துகொள்ளுதல் தகாது என்றும் அவர் சொல்கிறார். அதனால்தான் பிறர் பாயிரம் தேவைப்பட்டது. ஆனால் இந்த நால்வர் பட்டியலை மறுபடி பாருங்கள். எல்லோரும் உள்வீட்டுக்காரர்கள். நூலாசிரியரை முன்பின் அறியாத வாசகர் ஒருவருக்கு இதில் இடம் இல்லை. சுவடிக் காலத்தில் அப்படி ஒரு வாசகர் இருப்பதே அரிது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஓலையைப் பெறுவதற்கே ஆசிரியரையோ மடத்தையோ அண்டி இருக்க வேண்டியிருந்தது.

குறை சொல்லும் மொழி இல்லாமல் போய்விடவில்லை. நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்களை நன்னூல் அடுக்குகிறது. வேண்டியதைக் குறைத்துச் சொல்வது, வேண்டாததைக் கூட்டிச் சொல்வது, சொன்னதையே சொல்வது, முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது, எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது, போகப் போக நடை தேய்ந்து முடிவது என்று வரும் அப்பட்டியல் இன்றைய நாவல் ஒன்றுக்கும் அப்படியே பொருந்தும். பள்ளியில் இது மனப்பாடப் பகுதியாகவே நின்றுவிடுகிறது. படித்த கதைப்புத்தகம் ஒன்றின்மீது இந்தப் பத்தையும் வைத்துப் பார்க்கச் சொன்னால் மாணவர்களுக்கு நன்னூலும் பிடிபடும், கதையும் பிடிபடும்.

பக்கம் சாராத வாசகனைப் பற்றிய ஏக்கம் பழையோருக்கும் இருந்தது என்பதற்கு ஒரு கதை சான்றாகிறது. இறையனார் களவியல் உரையின் முன்பகுதியில் அது வருகிறது. இறையனார் செய்த 60 சூத்திரங்களுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கொரு உரை கண்டனர். ஒவ்வொருவரும் தம் உரையே சிறந்தது என்றனர். தங்களுக்குள் தீர்க்க முடியாமல், நடுநின்று தீர்ப்புச் சொல்ல ஒரு ‘காரணிகன்’ வேண்டும் என்று இறைவனை வேண்டினர். உப்பூரிகுடி கிழாரின் மகன் உருத்திரசன்மனைக் காட்டினார் இறைவன். அவன் ஐந்து வயதுச் சிறுவன், பேச்சு வராதவன். அவன் எதிரில் உரைகள் ஒவ்வொன்றாகப் படிக்கப்பட்டன. பலருடைய உரையைக் கேட்டு அவன் அசையவில்லை. மதுரை மருதன் இளநாகனார் உரைத்தபோது சில இடங்களில் கண்ணீர் வந்தது. நக்கீரர் உரைத்தபோது சொல்லுக்குச் சொல் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தது. அதுவே தீர்ப்பாயிற்று.

இதை வரலாறு என்று கொள்ள முடியாது. ஆனால் கதை கட்டியவருடைய எண்ணம் கூர்மையானது. கற்றவர்களின் கூட்டத்தில் ஒருவரை ஒருவர் மதிப்பிட்டால் நேர்மை நிற்காது. பட்டமும் பகையும் இல்லாத, வாயால் புகழவும் தெரியாத ஒருவனுடைய உடல் தானாகக் காட்டும் உணர்ச்சியை நம்பலாம் என்று அவர் நினைத்திருக்கிறார். ஒரு நூலை மதிப்பிட அறிவு வேண்டுமா, உணர்வு போதுமா என்ற கேள்வி அங்கேயே வந்துவிடுகிறது. அது பின்னர் 1950களில் வேறு உருவில் திரும்பி வந்தது.

அச்சுக் காலம்

19ஆம் நூற்றாண்டில் அச்சுநூல்கள் பெருகியபோது பாயிர வழக்கம் அப்படியே அச்சுக்கு ஏறியது. புலவர்களிடம் சாற்றுகவி வாங்கி முன்பக்கங்களில் போடுவது மரியாதையாகக் கருதப்பட்டது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்றோரிடம் சாற்றுகவி கேட்டு வந்தவர்கள் பலர். கேட்டவர் முகம் கோணாமல் எழுதிக் கொடுப்பதே பண்பு என்று இருந்த இடத்தில் உண்மைக் கருத்து எப்படி வரும்?

அது வேறு வழியில் வந்தது. 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில் நடந்த ஓர் உரையாடலை உ.வே. சாமிநாதையர் தம் ‘என் சரித்திரம்’ நூலில் பதிவு செய்திருக்கிறார். அப்போது அவர் கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியர். புதிதாக முன்சீப் வேலைக்கு வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்ன என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் அந்தாதி, உலா, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று தாம் பாடங்கேட்ட நூல்களை வரிசையாக அடுக்கினார். பட்டியல் நீள நீள முதலியார் முகத்தில் வியப்பே தோன்றவில்லை. இவற்றைப் படித்து என்ன பயன் என்று கேட்டுவிட்டு, சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்றார். ஐயர் பெயர் மட்டுமே அறிந்திருந்தார். அவருக்கு அப்போது வருத்தமும் சிறிது கோபமும் உண்டாயின. பிறகு முதலியாரே தேடிக்கொடுத்த சிந்தாமணிப் பிரதியில் தொடங்கிய வேலை 1887இல் அச்சுநூலாக முடிந்தது. புலவர் அல்லாத ஒரு வாசகர், ஒரு புலவரிடம் முகத்தாட்சண்யம் இன்றிச் சொன்ன கருத்து அது. தமிழில் ஒரு மதிப்புரை செய்த மிகப் பெரிய வேலை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், அது எழுதப்படவே இல்லை என்றாலும்.

சிந்தாமணி வெளிவந்த பின் மறுபக்கமும் தெரிந்தது. பதிப்பில் பிழைகள் மலிந்துள்ளன என்று கண்டனத் துண்டுப் பிரசுரங்கள் வந்தன. ஐயர் மனம் நொந்து பதில் எழுதி, சாது சேஷையரிடம் காட்டினார். அவர் அதைக் கிழித்துப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதத் தொடங்கினால் காலமெல்லாம் அதிலேயே போய்விடும், உங்கள் வேலையைப் பாருங்கள் என்பது அவருடைய அறிவுரை. மதிப்புரை என்ற பெயரில் வரும் எல்லாவற்றுக்கும் மதிப்பு இல்லை என்பதை அச்சுக் காலம் தொடக்கத்திலேயே காட்டிவிட்டது.

அடுத்த கட்டத்தில் பத்திரிகைகள் வந்தன. மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்புக என்ற அறிவிப்பும், பெயர், விலை, பக்கம், கிடைக்குமிடம் மட்டும் சொல்லும் ‘வரப்பெற்றோம்’ பத்தியும் நிலைத்தன. அவை பெரும்பாலும் ரசீதுகளே.

ரசனையும் சண்டையும்

பழைய நூல் ஒன்றை இன்றைய வாசகனாக நின்று படித்து, இன்ன இடம் என்னை ஏன் கவர்ந்தது என்று எழுதும் முறையை வ.வே.சு. ஐயர் தம் ‘பாலபாரதி’ இதழில் வந்த கம்பராமாயணக் கட்டுரைகளில் தொடங்கிவைத்தார். உலக மகாகவிகளோடு கம்பரை ஒப்பிட்டுப் பார்க்கும் துணிவு அவற்றில் உண்டு. 1925இல் அவர் இறந்தபின் அந்த வழி வேறு திசையில் சென்றது.

திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ தமிழ் வாசகர் கூட்டங்களுக்கு முன்னோடி. வழக்கறிஞர்களும் அலுவலர்களும் ஆசிரியர்களும் அங்கே கூடினர். டி.கே.சி. ஒரு பாடலைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் ஓசையையும் உணர்ச்சியையும் கேட்பவர் தாமே உணரும்படி செய்வார். உரையாசிரியர் என்ன சொன்னார் என்பது அங்கே இரண்டாம் பட்சம். தமிழ் படிக்காதவர்கள் என்று தம்மை நினைத்திருந்த பலர் கவிதைக்குள் வந்தது இப்படித்தான். ஆனால் அவருடைய ரசனை அங்கேயே நிற்கவில்லை. தமக்குக் கவியாகப் படாத பாடல்கள் கம்பருடையவை அல்ல, இடைச்செருகல் என்று முடிவு கட்டி, பெரும் பகுதியை நீக்கியும் சொற்களைத் திருத்தியும் ‘கம்பர் தரும் ராமாயணம்’ வெளியிட்டார். புலவர் உலகம் கொதித்தது. அதில் நியாயமும் இருந்தது. பிடிக்கவில்லை என்று சொல்ல வாசகருக்கு முழு உரிமை உண்டு. பிடிக்காததைக் கவிஞர் எழுதவேயில்லை என்று சொல்லச் சுவடிச் சான்று வேண்டும்.

இதே 1930களில் பாரதியைப் பற்றிய வழக்கு எழுந்தது. பாரதி மகாகவி என்று வ.ரா. ஓங்கிச் சொன்னார். ஆனந்த விகடன் ஆசிரியராக இருந்த கல்கி, நல்ல கவிதான், ஆனால் உலக மகாகவிகள் வரிசையில் வைக்க முடியாது என்று மறுத்தார். மணிக்கொடி எழுத்தாளர்கள் களத்தில் இறங்கினர். கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் பாரதி பாடல்களை எடுத்து வைத்து வாதாடிய கட்டுரைகள் 1937இல் ‘கண்ணன் என் கவி’ என்ற நூலாயின. இந்தச் சண்டையில் கல்கி தோற்றார் என்றே இன்று சொல்கிறோம். எனினும் எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப மக்களிடம் நிதி திரட்டி 1947இல் திறப்பு விழா வரை கொண்டுசென்றவரும் அதே கல்கிதான். பாரதியின் மீது அன்பு குறைந்து அவர் மறுக்கவில்லை என்பது அதிலிருந்து தெரிகிறது.

மதிப்புரையாளர்களை எழுத்தாளர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்குப் புதுமைப்பித்தன் 1943இல் ‘காஞ்சனை’ தொகுதிக்கு எழுதிய முன்னுரை நல்ல எடுத்துக்காட்டு. விமரிசகர்களின் அளவுகோலுக்குள் தம் கதைகள் அடங்காவிட்டால் தாம் பொறுப்பில்லை என்று அதில் கையை விரித்துவிடுகிறார். அவரே பிறர் நூல்களைப் பற்றி எழுதும்போது சற்றும் தயவு காட்டாதவர்!

க.நா.சு.வும் செல்லப்பாவும்

இந்த வரலாற்றின் நடு இடம் க.நா. சுப்ரமண்யம், சி.சு. செல்லப்பா இருவருடையது. இருவரும் 1912இல் பிறந்தவர்கள். இருவரும் மணிக்கொடிக் காலத்தோடு தொடர்புடையவர்கள். இருவருமே இலக்கியத்தைத் தவிர வேறு பிழைப்பை நம்பவில்லை.

க.நா.சு. எதையும் விட முதலில் ஒரு வாசகர். நட் ஹாம்சன், செல்மா லாகர்லெவ், பேர் லாகர்குவிஸ்ட் ஆகியோரின் நாவல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். 1950களில் அவர் எழுதிய ‘படித்திருக்கிறீர்களா?’ என்ற வரிசை, தலைப்பிலேயே வாசகரின் தோளில் கை போடுகிறது. ஒவ்வொரு கட்டுரையும் ஒரு நூலைப் பற்றியது, சில பக்கங்கள்தான். கதைச் சுருக்கம் கொஞ்சம், தமக்குப் பிடித்தது ஏன் என்பது கொஞ்சம், குறை என்று பட்டது ஓரிரு வரி. அந்தக் காலத்தில் தொடர்கதைகளின் விற்பனையே இலக்கிய மதிப்பாகக் கொள்ளப்பட்டது. கல்கி உள்ளிட்ட பெரும்புகழ் பெற்றவர்கள் எழுதியது இலக்கியம் ஆகாது என்று க.நா.சு. வெளிப்படையாகச் சொன்னார். மாறாக, மிகக் குறைவாகவே எழுதிய மௌனியையும், கொங்கு நாட்டுச் சிற்றூர் வாழ்க்கையை ‘நாகம்மாள்’ என்ற சிறிய நாவலில் வைத்த ஆர். சண்முகசுந்தரத்தையும் அவர் மீண்டும் மீண்டும் பெயர் சொல்லி முன்னால் நிறுத்தினார். இன்று இவர்கள் பாடத்திட்டங்களில் இருக்கிறார்கள் என்றால் அதில் க.நா.சு.வின் பிடிவாதத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அவர்மீது வந்த குற்றச்சாட்டு ஒன்றுதான்: பட்டியல் போடுகிறார், காரணம் சொல்வதில்லை. அவருடைய எண்ணமோ வேறு. உலகின் நல்ல நூல்களைப் படித்துப் பழகிய மனத்துக்கு நல்லது எது என்று தெரிந்துவிடும். அதை அலசிக் காட்டுவது கல்லூரிக்காரர் வேலை. என் கருத்தை நம்ப வேண்டாம், நூலைப் படித்துப் பார் என்பதே அவர் நிலை. உருத்திரசன்மனின் கண்ணீருக்குக் கிட்டத்தட்ட இதே வாதம்தான் ஆதாரம், இங்கே சிறுவனுக்குப் பதில் ஆயிரம் நூல் படித்த பெரியவர் நிற்கிறார்.

செல்லப்பாவால் இதை ஏற்க முடியவில்லை. ஒரு கதை நல்லது என்றால் அதன் எந்த வாக்கியம், எந்தத் திருப்பம், எந்த உத்தி அதை நல்லதாக்குகிறது என்று வரி வரியாகக் காட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. ‘அலசல்’ என்ற சொல்லையே அதற்கு வைத்துக்கொண்டார். வாதத்துக்கு இடம் கொடுக்கப் பத்திரிகை இல்லை என்று கண்டு 1959 ஜனவரியில் ‘எழுத்து’ இதழைத் தாமே தொடங்கினார். இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துக்கொண்டு வந்த பத்திரிகை அது. அந்த எண்ணிக்கையை அது எட்டவும் இல்லை. 1970 வரை 119 இதழ்கள் வந்தன. மனைவியின் நகை போயிற்று. புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்து விற்றார். புதுக்கவிதை நிலைபெற்ற இடமும் அதுவே. 1962இல் வந்த ‘புதுக்குரல்கள்’ தொகுதியில் 24 கவிஞர்கள் இடம்பெற்றனர்.

மதிப்புரை வரலாற்றில் ‘எழுத்து’வின் பெருமை அது யாரை எழுதவைத்தது என்பதில் இருக்கிறது. வெளிமாநிலத்தில் அரசுப் பணியில் இருந்த வெங்கட் சாமிநாதன், திருகோணமலையில் இருந்த இருபது வயது தருமு சிவராமு போன்றோர் அதன் பக்கங்களில்தான் முதலில் கவனிக்கப்பட்டனர். பேராசிரியர் பதவியோ புலவர் பட்டமோ அவர்களுக்கு இல்லை. நன்னூலின் நால்வர் பட்டியலில் எந்த வரிசையிலும் சேராதவர்கள் அவர்கள்.

இலங்கையிலிருந்து வேறொரு எதிர்ப்பு வந்தது. பேராசிரியர் க. கைலாசபதி தம் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) உள்ளிட்ட எழுத்துகளில், தனி ஒருவரின் ரசனையை அளவுகோலாக்க முடியாது, நூல் எழுந்த சமுதாயச் சூழலைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் வாதம் வலுவானது. ஆயினும் சூழல் முழுதும் விளங்கிய பின்னும் ஒரு நாவல் அலுப்பூட்டினால் அதைச் சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது.

செல்லப்பா, க.நா.சு. இருவரில் யார் சரி? வாசகனாக க.நா.சு.வோடும், வகுப்பறையில் செல்லப்பாவோடும் நிற்கிறேன். மாணவன் ‘நல்லா இருக்கு சார்’ என்றால், எந்த இடம் என்று கேட்காமல் விட முடியாது.

ஒரு கதையும் வாசகர் கடிதங்களும்

சிறுபத்திரிகையில் நூற்றுக்கணக்கானவர் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, வெகுஜனப் பத்திரிகையின் வாசகர்கள் ஒரு கதையின் மீது தங்கள் கருத்தைக் கொட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வெளிவந்தது. மழைநாளில் கல்லூரி மாணவி ஒருத்தி அறியாதவன் ஒருவனின் காரில் ஏறி, கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் முதலில் பதறி அடிக்கிறாள்; பின் தலையில் தண்ணீரை ஊற்றி, நீ தூய்மையானவள் என்று சொல்லி, இதை யாரிடமும் சொல்லாதே என்கிறாள். கதை அவ்வளவுதான். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. எந்தத் தாயும் இப்படிச் செய்ய மாட்டாள் என்றனர் பலர். குடும்பப் பத்திரிகையில் இது வரலாமா என்றனர் சிலர். ஆதரித்தவர்களும் இருந்தனர்.

ஜெயகாந்தன் கடிதங்களை ஒதுக்கிவிடவில்லை. பணிந்து முடிவை மாற்றிவிடவும் இல்லை. சரி, அந்தத் தாய் அப்படிச் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்வோம், என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்தார். அதன் விளைவு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. இதில் தாய் கூக்குரலிட ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். கங்கா படித்து வேலைக்குப் போகிறாள், ஆனால் அந்த ஒரு மாலையே அவள் வாழ்க்கை முழுவதையும் நடத்துகிறது. நாவலுக்குள் ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் வருகிறார். அவர் பத்திரிகையில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ கதையைக் கங்காவே படிக்கிறாள்! தனக்கும் அப்படி ஒரு தாய் வாய்த்திருந்தால் என்று அவள் எண்ணும் இடத்தில், கண்டனக் கடிதம் எழுதிய வாசகர்களுக்குப் பதில் கிடைத்துவிடுகிறது. இந்நாவலுக்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்தக் கடிதங்களை எழுதியவர்களின் பெயர்கள் எந்த இலக்கிய வரலாற்றிலும் இல்லை. அவர்கள் சொன்னது தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் மனத்தில் பட்டதை மறைக்காமல் எழுதினார்கள், எழுதியது உரியவரிடம் போய்ச் சேர்ந்தது.

இதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1970இல் சென்னையில் ‘இலக்கியச் சிந்தனை’ அமைப்பு தொடங்கியது. மாதந்தோறும் பத்திரிகைகளில் வந்த சிறுகதைகளைப் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு முடிவில் அந்தப் பன்னிரண்டிலிருந்து ஒன்றை ஒரே ஒருவர் சிறந்ததாகத் தேர்ந்துரைக்கும் முறையை அது வைத்துக்கொண்டது. குழுவாகக் கூடி ஓட்டுப் போடுவதில்லை என்பதால், தேர்ந்தவர் தம் பெயரைப் போட்டு அதற்குப் பொறுப்பேற்க வேண்டியிருந்தது.